அஞ்சுக்கு மேலே ஒன்று

தம்பியின் மகனுக்குத் தொட்டில் போட்ட அன்று, கூடத்து நடுவில் நின்றுகொண்டு அத்தை, "ஆறுமுகம், அந்தச் சொம்பை எடு" என்றாள். தம்பியும் அதே பெயர்கொண்ட உறவுக்காரர் இருவருமாக மூன்று பேர் திரும்பினார்கள். மற்றவனைத்தான் கூப்பிடுகிறாள் என்று மூன்று பேருமே நினைத்து, மறுபடி முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அன்று காலையில் வைத்த பெயர் சண்முகம். எங்கள் குடும்பத்தில் அது வேறு பெயர் இல்லை. சண் என்றாலும் ஆறுதான். இரண்டும் ஒரே சாமி. வாய்க்கு எது வருகிறதோ அது. பாட்டன் ஆறுமுகம். பேரன்களில் ஒருவர் ஆறுமுகம், ஒருவர் சண்முகம். அவர்களுக்குப் பிறகு மறுபடி ஒரு ஆறுமுகம், இப்போது மறுபடி ஒரு சண்முகம்.

யாரும் எடுக்காத அந்தச் சொம்பைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்குத் தோன்றியது, வம்சாவளியை எழுதிவிட வேண்டும் என்று. ஒரு பெரிய தாள், அதில் கோடுகள், யார் எந்த ஆறுமுகம் என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும். எனக்கு ஒன்று தோன்றினால் அன்றைக்கே செய்தாக வேண்டும். பள்ளிக்கூடத்திலும் இதற்காகவே என்னைக் கேலி செய்வார்கள், டீச்சர் மணி அடிக்கும் முன்னால் கரும்பலகையை அழித்துவிடுகிறார் என்று. தொட்டில் விழாவுக்கு வந்த பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்க்கும் முன்பே, நாகப்பட்டினத்துப் பக்கம் ஊரில் இருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதம் போட்டுவிட்டேன்.

கப்பலில் பதில் வந்தது. சித்தப்பா நல்ல கையெழுத்துக்காரர். எங்கள் கிளைக்கு அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: சண்முகம், சிங்கப்பூர் போய்க் காட்டுக் காய்ச்சலில் இறந்தான், ஒரு பெண் பிள்ளை. ஆறுமுகம், சிங்கப்பூரில் குடும்பம், ஒரு ஆண் பிள்ளை.

சண்முகம் என் அப்பா. அவர் காட்டில் சாகவில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எங்கள் வீட்டுக் கட்டிலில், நான் கொடுத்த கஞ்சியில் பாதியை வைத்துவிட்டு இறந்தார். காட்டில் இறந்தது பெரியப்பா ஆறுமுகம். அந்த ஒரு ஆண் பிள்ளை என் தம்பி. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறந்தவன். ஊர்க் கணக்கில் அப்பா முப்பது வருஷமாகச் செத்தவர். பெரியப்பா உயிரோடு இருந்து பிள்ளை பெற்றவர்.

கடிதத்தை மடித்து வைத்தேன். ஓடி வந்து உட்கார்ந்தவள்போல ஒரு களைப்பு வந்தது. அந்தக் களைப்போடுதான் இதை எழுதுகிறேன், என் வயதுக்காரர்களே, சுண்ணாம்புக் கம்பம் என்று நாம் சொன்ன அந்தப் பேட்டையின் சேற்றில் என்னோடு கால் புதைய நடந்தவர்களே. இப்போது நம்மில் யார் தலையில் நரையில்லை?

*

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, டிராம் மின்சாரத்தில் ஓட ஆரம்பித்துச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. ரேஸ்கோர்ஸில் குதிரை ஓடும் நாளில் வெள்ளைக்காரர்களின் வண்டிகள் நம் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும். மற்ற நாளெல்லாம் தெரு எருமைகளுடையது. எங்கள் வீடு மாட்டுக் கொட்டில்களுக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டு வரிசையில் கடைசி. காலையில் சாணி வாடை, வெயில் ஏறினால் சுண்ணாம்புக் காளவாயின் புகை, காற்று திரும்பினால் டப்பாவில் அடைக்கும் ஆலையிலிருந்து அன்னாசி வேகிற வாடை. அந்த மூன்றையும் சேர்த்துத்தான் நான் இன்றைக்கும் வீடு என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஒரே வீட்டில் இரண்டு குடும்பம். பெரியப்பாவும் அப்பாவும் கூடப் பிறந்தவர்கள் அல்ல, அண்ணன் தம்பி பிள்ளைகள். இருவருக்கும் ஒரே பாட்டன் பெயரை வைத்தார்கள், மூத்தவருக்குத் தமிழில், இளையவருக்கு வடமொழியில். பெரியப்பா என் அம்மாவின் தோளுக்குத்தான் இருப்பார். அப்பா நெட்டை. எங்கள் வாசல் தாழ்வானது. பெரியப்பா நிமிர்ந்தபடி நேராக உள்ளே வருவார். அப்பா குனிய வேண்டும், ஆனால் எப்போதும் மறந்துவிடுவார். டொக்கென்று மேல்கட்டையில் இடித்துக்கொண்டுதான் வருவார். கட்டையில் ஒரு இடம் அவர் தலை எண்ணெய் பட்டுப்பட்டுக் கறுத்துப் பளபளத்தது. அம்மா ஒவ்வொரு முறையும் அடுப்படியிலிருந்தே, "வந்தாச்சு" என்பாள்.

அவள் அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். நம் எல்லார் அம்மாக்களும் அப்படித்தான். ஆனால் எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கூடுதல் சிரமம். பெரியம்மாவுக்கு ஆறு என்ற சொல்லே கிடையாது. சோறு ஆறிப்போகாது, "சூடு விட்டுப்போகும்". புண் ஆறாது, "காயும்". முகம் கழுவ மாட்டாள், "மூஞ்சி" கழுவுவாள். அம்மாவும் அப்படியே, தன் புருஷனின் பெயரானாலும் மூத்தாரின் பெயரானாலும் அவளுக்குச் சொல்லக் கூடாத பெயர்தான்.

இருவரும் ஒரே உரலில் மாற்றி மாற்றி உலக்கை போட்டு மசாலா இடிப்பார்கள். சாயங்காலம் அதைக் கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருந்த கடைக்கார மாமாவிடம் கொண்டுபோய் அளந்து கொடுப்பாள் பெரியம்மா. அவர் நாகூர்க்காரர், வெள்ளைத் தொப்பி, வாயில் எப்போதும் ஏலக்காய். பெரியம்மா படியால் அள்ளிக் கொட்டியபடி எண்ணுவாள்: "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, அஞ்சுக்கு மேல ஒண்ணு, ஏழு."

"இரு தங்கச்சி, நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே" என்பார் கடைக்கார மாமா, தினமும்.

"அதான் சொன்னேனே, அஞ்சுக்கு மேல ஒண்ணு."

"அதுக்கு ஒரு பேரு இருக்குமே?"

"உங்க வீட்டுல போய்க் கேளுங்க."

கடையில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பெரியம்மாவும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. அவளைச் சீண்டுவதற்கு ஊரில் அதை எடுக்காமல் இதை எடுத்தார்களே என்று அவளுக்கு ஒரு நன்றிகூட இருந்திருக்கலாம். இது இப்போது தோன்றுகிறது.

*

அந்த வருஷம் பெரியப்பாவும் அப்பாவும் ஜொகூருக்கு ரயில் பாதை போடும் வேலைக்குப் போனார்கள். காட்டை வெட்டி மண் மேடு போடும் வேலை. தீபாவளிக்குத் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனார்கள். தீபாவளிக்கு முன்னால் மழை வந்தது. மழையோடு ஒரு ஆள் வந்தார்.

மத்தியான நேரம். தலையில் சாக்கு போட்டுக்கொண்டு, காய்ச்சல் தெளிந்து வெளிறிய முகத்தோடு, கடைக்கார மாமா கூட்டிக்கொண்டு வர எங்கள் வாசலில் நின்றார். பாதை வேலையில் வேறொரு கூட்டத்து ஆள். மறுநாள் ஊருக்குக் கப்பல் ஏறுகிறவர். உலக்கைகள் நின்றுவிட்டன. அவர் யாரையும் பார்க்காமல் உரலைப் பார்த்துச் சொன்னார்:

"சின்ன ஆறுமுகம் போயிட்டாரும்மா. காச்சல். அங்கேயே அடக்கம் பண்ணியாச்சு."

மேற்கொண்டு அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. போகிற வழியில் சேதி சொல்லிவிட்டுப் போ என்று பெரியப்பாவும் அப்பாவும் இருந்த கூட்டத்து ஆட்கள் சொல்லி அனுப்பினார்களாம். பெரியம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு மழையிலேயே போய்விட்டார்.

பெயரைக் கேட்டால் பெரியப்பா. ஆனால் சின்ன என்றாரே. எங்கள் வீட்டில் சின்னவர் அப்பா. அன்று சாயங்காலம் வரிசை வீட்டு ஆட்கள் எல்லாம் வாசலில் கூடி இதைத்தான் பேசினார்கள். பெயரைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம், சின்னவைப் பிடித்துக்கொண்டவர்கள் ஒரு பக்கம். அந்த வீட்டில் பெயருக்கு என்ன மதிப்பு, ஆறுமுகம் என்றாலும் அவன்தான் சண்முகம் என்றாலும் அவன்தான், ஆனால் மூத்தவனைப் போய் யாராவது சின்னவன் என்பார்களா என்று ஒரு பெரியவர் கேட்டார். பெண்கள் இருவரும் உள்ளே ஒரே பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி கையை ஒருத்தி பிடித்திருந்தாள். யாருக்கு யார் ஆறுதல் சொல்கிறார்கள் என்று அப்போது யாராலும் சொல்லியிருக்க முடியாது. ஆறுதல் என்ற சொல்லையும் அவர்கள் சொல்ல மாட்டார்கள்.

*

எதிர் வரிசையில் ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணியார் இருந்தார். கம்பெனி ஆபீஸில் குமாஸ்தா வேலை. கோட்டு போட்ட ஒரே மனிதர் என்பதால் எங்கள் தெருவுக்கு அவர்தான் கோர்ட்டும் ஆஸ்பத்திரியும். ரயில் பாதை ஆபீஸுக்கு இங்கிலீஷில் எழுதிக் கேட்டுவிடுவோம் என்று அவராகவே வந்தார். நல்ல மனிதர். அதையும் சொல்லிவிட வேண்டும்.

தாளை முழங்காலில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கேட்டார். "உம்மட மனுசன்ர பேரென்ன, பிள்ளை?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"பேரைச் சொல்லாமல் நான் எப்பிடி எழுதுறது?"

"பழனியில இருக்கிறவர் பேரு" என்றாள் அம்மா.

"பழனியில இருக்கிறவருக்கு ஆயிரம் பேர். முருகனோ? வேலனோ? குமரனோ?"

அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினாள், இல்லை, இல்லை என்று. வாசலில் நின்ற ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் இருக்கிறானா செத்தானா என்று தெரியாத ஒருத்தி, அவன் பெயரைச் சொல்ல முடியாமல் தெய்வத்தின் பெயர்களுக்கு நடுவில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். நான்தான் சொன்னேன், சண்முகம் என்று.

கிராணியார் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். "சண் எண்டால் ஆறு, பிள்ளை. ரெண்டும் ஒண்டுதான். அங்க ஆறுமுகம் எண்டுதானே பதிஞ்சிருக்கினம்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். இரண்டு ஆறுமுகங்களில் இறந்தது இளையவரா என்று தான் கேட்டிருப்பதாகப் படித்துக் காட்டினார். படிப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்கு அன்று தோன்றியது. நான் டீச்சரானதற்கு அந்த இங்கிலீஷ் கையெழுத்தும் ஒரு காரணம். அதை இப்போது நினைத்தால் சிரிப்பும் வரவில்லை.

பதில் வந்தது. அங்கே பதிந்த இரண்டு பேரில், சின்னவர் என்று குறித்திருக்கும் ஆறுமுகம் இறந்தார் என்று ஒரே வரி. கிராணியார் தாளை மடித்து அம்மாவின் பக்கம் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினார்.

*

கருமாதி அன்று அம்மாவுக்குப் பூ வைத்தது பெரியம்மாதான். கடைசியாக ஒருமுறை என்று தலை நிறைய வைத்தாள், நெற்றியில் பெரிதாகக் குங்குமம் இட்டாள், பிறகு எல்லாவற்றையும் எடுத்தார்கள். தெருக்கோடியிலிருந்து வந்த ஒரு தாலி அறுத்த கிழவி அம்மாவின் கழுத்துக் கயிற்றை அறுத்துப் பால் கிண்ணத்தில் போட்டாள். அம்மா அழவில்லை. அவளுக்கு எல்லாமே அலுத்துப்போன மாதிரி இருந்தது. சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்பதுபோல் கழுத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கிண்ணத்திலிருந்து தாலிப்பொட்டை எடுத்துத் துடைத்துப் பெரியம்மா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டாள். நீல டப்பா, மூடியில் புகை விடுகிற கப்பல் படம். அந்தக் கப்பலில்தான் அப்பா ஊரிலிருந்து வந்தார் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். டப்பா பிறகு எங்கேயோ தொலைந்துபோனது. நான் தேடிய பொருள்களில் அதைப்போல வேறொன்றையும் தேடியதில்லை.

ஊருக்கும் கடிதம் போனது, கிராணியார் கையால், சண்முகம் இறந்ததாக.

அதன்பிறகு அம்மா உரல் பக்கம் வரவில்லை. மூலையிலேயே இருந்தாள். ஒற்றை உலக்கை இடிக்கிற சத்தம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நடுவில் ஒரு சத்தத்துக்கு இடம் விட்டுவிட்டுக் கேட்கும். பெரியம்மா அந்த இடத்தை விட்டுத்தான் இடித்தாள். அம்மாவுக்குச் சோறு பிசைந்து கொடுப்பாள். அவள் எதிரில் பூ வைத்துக்கொள்ள மாட்டாள். வெளியே போகும்போது கடைத்தெரு முனையில் வைத்துக்கொண்டு, திரும்பி வரும்போது எடுத்து முடிந்துகொள்வாள். நான் பார்த்திருக்கிறேன். கடைக்கார மாமா மட்டும் மாறவில்லை. "நடுவுல ஒண்ண முழுங்கிட்டியே" என்பார். பெரியம்மா சிரிப்பதில்லை என்றாலும் பதில் சொல்வாள்.

எனக்கு அந்த நாட்களில் பெரியம்மாமேல் கோபம். அவள் அஞ்சுக்கு மேல ஒண்ணு என்று சொல்வதே எனக்குப் பெருமையடிப்பதுபோல் பட்டது. என் அம்மா இனி எதை வேண்டுமானாலும் சொல்லலாம், யாருக்கும் கவலையில்லை. அவள் எதையும் சொல்லவும் இல்லை.

*

மார்கழி முடியப் போகிற சமயம். மழை விட்டு வெயில் அடித்தது. மத்தியானம், பெரியம்மா மல்லி இடித்துக்கொண்டிருந்தாள், நான் புடைத்துக்கொண்டிருந்தேன், அம்மா மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

டொக்.

மூலையிலிருந்து, திரும்பாமலே, தூக்கத்தில் சொல்வதுபோல் அம்மா, "வந்தாச்சு" என்றாள்.

வாசலில் அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பாதியாக இளைத்திருந்தார். தலை மழித்திருந்தது, கட்டையில் இடித்த இடம் சிவந்திருந்தது. நான் முறத்தை அப்படியே விட்டுவிட்டேன். மல்லி தரையெல்லாம் ஓடியது. அப்பா என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். வெறும் கழுத்தோடு எழுந்து உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். பிறகு, கழுத்தில் தாலியும் கையில் உலக்கையுமாக நின்ற பெரியம்மாவைப் பார்த்தார். அவருக்கு எதுவும் விளங்கவில்லை.

"ஆள் வந்து சொல்லலையா, அண்ணி?" என்றார். "சொல்லி அனுப்பச் சொல்லிக் கூட்டத்து ஆளுங்ககிட்டச் சொன்னேனே."

"வந்தாரு. சின்ன..." என்று பெரியம்மா ஆரம்பித்தாள், நிறுத்தினாள். அப்பாவின் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தாள். அவர் தலைக்கு மேலே இருந்த கறுத்த மேல்கட்டையைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். காட்டில் யார் மூத்தவன், யார் இளையவன் என்று யாருக்குத் தெரியும்? கங்காணி இரண்டு பேரையும் ஆறுமுகம் என்றே பதிந்திருக்கிறான். நெட்டையைப் பெரிய ஆறுமுகம் என்றும், குட்டையைச் சின்ன ஆறுமுகம் என்றும் கூப்பிட்டிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது.

ஆனால் அவள் கேட்காமல் விடவில்லை. உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு, தெளிவாக, ஒவ்வொரு எழுத்தாக, எங்கள் யாருக்கும் பழக்கமில்லாத குரலில் கேட்டாள்.

"ஆறுமுகமா போனது?"

அவள் வாயிலிருந்து அந்தப் பெயரை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. அப்பா கட்டையைப் பிடித்துக்கொண்டார். ஆமென்று தலையை மட்டும் ஆட்டினார். அம்மா எழுந்து வந்து பெரியம்மாவைக் கட்டிக்கொண்டாள். பெரியம்மா அவளை மெல்ல விலக்கி, பெட்டியைத் திறந்து, நீல டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்தாள். அழுகை அதற்குப் பிறகுதான்.

*

அப்பாவும் அங்கே காய்ச்சலில் கிடந்தாராம், கொட்டகையில், பெரியப்பாவுக்கு அடுத்த பாயில். எழுந்து நடக்க முடிந்ததும் புறப்பட்டு வந்திருக்கிறார். சேதி முன்னாலேயே வந்து சேர்ந்திருக்கும், அண்ணி அழுது ஓய்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அம்மாவுக்கு மறுபடி தாலி கட்டினார்கள். மேளமில்லை, பூவில்லை. கோயிலில் ஒரு ஓரத்தில், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து முடித்தார்கள். பெரியம்மாவுக்குச் செய்ததையும் அப்படியே சத்தமில்லாமல் செய்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால் செய்த அதே சடங்கை அதே வீட்டில் இன்னொரு தடவை செய்ய யாருக்கும் தெம்பில்லை. அன்று பெரியம்மாவுக்குப் பூ வைக்க வேண்டியவள் அம்மா. அவள் கை வரவில்லை. பெரியம்மாவே சரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவளே எடுத்துக் கொடுத்தாள்.

சில நாள் கழித்து நானும் பெரியம்மாவும் மசாலாவைக் கொண்டுபோனோம். வெள்ளைப் புடவை எனக்கு ஏற்கனவே பழகியிருந்தது, அம்மாவிடம் பார்த்ததுதானே. அவள் படியை எடுத்தாள். எண்ண ஆரம்பித்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."

நிறுத்தவில்லை, இழுக்கவில்லை. கடையில் நின்ற எல்லாரும் எண்ணுவதுபோல எண்ணினாள். கடைக்கார மாமா கையிலிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றித் தொடையில் வைத்துக்கொண்டு, அவள் அளந்து முடிக்கிறவரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மா விதவையானது எனக்கு உறைத்தது அங்கேதான்.

அப்பா ஊருக்குக் கடிதம் எழுதினார். இறந்தது சண்முகம் இல்லை, ஆறுமுகம் என்று. ஊரில் அதைப் படித்துவிட்டு, இரண்டும் ஒரே பெயர், அதைத்தானே முன்பே எழுதினார்கள் என்று வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. பிறகு, ஆறுமுகம் என்று பெயர் வைத்த ஒரு பிள்ளை சிங்கப்பூரில் பிறந்ததாக அவர்களுக்குச் சேதி போனது. சித்தப்பா தனக்குத் தெரிந்தபடி கோடு போட்டிருக்கிறார். இறந்தவன் சண்முகம், அப்படியானால் இருப்பவன் ஆறுமுகம், பிள்ளை அவனுடையது. ஊரில் அப்பாவுக்கு வருஷா வருஷம் திதி கொடுத்திருக்கிறார்கள். இங்கே அவர் தினமும் தலையை இடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தார்.

தம்பி பிறந்தபோது பெரியப்பா பெயரை வைக்க வேண்டும் என்று சொன்னது அப்பா. அம்மாவால் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாது. கடைசிவரை ராசா என்றே கூப்பிட்டாள். அவன் டிராம் பாதைவரை ஓடிப்போனால், வாசலில் நின்று தெருவே கேட்க "ஆறுமுகம்!" என்று கூப்பிடுவது பெரியம்மா. அவனைத் தூக்கிச் சுமந்தவள், அவனுக்கு அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்திருந்தவள் அவள்தான். புருஷன் இருந்தவரை சொல்லாத பெயரை அவர் போன பிறகு நாள் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள்.

*

இப்போது என் மேசையில் அந்தப் பெரிய தாள் விரித்துக் கிடக்கிறது. அதில் சித்தப்பா எழுதியபடி முதலில் போட்ட கோட்டை அடிக்கப் பென்சிலை எடுத்தேன். அடித்தால் அப்பா அப்பாவாவார், தம்பி அப்பாவின் பிள்ளையாவான், எல்லாம் சரியாகிவிடும். பெரியப்பாவின் பெயருக்குக் கீழே ஒன்றும் இருக்காது. பெரியம்மாவுக்கு அந்தத் தாளில் இருக்கிற பிள்ளையும் போய்விடும். பென்சிலை வைத்துவிட்டேன். கரும்பலகையை மணிக்கு முன்னால் அழிக்கிறவளுக்கு ஒரு கோட்டை அடிக்க இரண்டு வாரமாகக் கை வரவில்லை.

ஒரு யோசனை தோன்றியது. ஆண்களின் பெயர் எல்லாம் ஒன்றாக இருந்தால் இருக்கட்டும், ஒவ்வொருவர் பக்கத்திலும் பெண்டாட்டி பெயரை எழுதிவிட்டால் யார் எவர் என்று தெரிந்துபோகும். அவர்கள் வேறு வேறு வீட்டிலிருந்து வந்தவர்கள், வேறு வேறு பெயர் இருக்கும். உற்சாகமாக ஆரம்பித்தேன். அம்மா பெயரை எழுதினேன். பெரியம்மா பெயரை எழுதப் போனவள் நின்றுவிட்டேன். அவள் எனக்குப் பெரியம்மா, அம்மாவுக்கு அக்கா, அப்பாவுக்கு அண்ணி, கடைக்கார மாமாவுக்குத் தங்கச்சி. பெரியப்பா அவளை "இந்தா" என்பார். தம்பியைக் கேட்டேன், அத்தையைக் கேட்டேன். தெரியாது என்றார்கள். இந்தச் சிங்கப்பூரில் அதைத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அவள் பின்னறையில் படுத்திருக்கிறாள். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கும். நாளைக் காலை, புதுச் சண்முகத்தைக் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு அவள் மடியில் கொண்டுபோய் விடுவார்கள். அந்த நேரம் பார்த்துத் தாளோடு போய்ப் பக்கத்தில் உட்காரப் போகிறேன். சித்தப்பா எழுதியதை அப்படியே படித்துக் காட்டுவேன். கோட்டை அடிக்கச் சொன்னால் அடிப்பேன். விட்டுவிடு என்றால் விட்டுவிடுவேன். அதற்கு முன்னால் அவள் பெயரைக் கேட்பேன்.